பழவேற்காட்டில் ஒரு முகம், நாகசாகியில் ஒரு முகம்

நம் ஊர் வழியாக ஓடும் ஆரணியாறு கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டால் இன்றைய பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிட்டால் ஊத்துக்கோட்டை தரைப்பாலம் மூழ்கும் என்பதோடு ஆற்றைப் பற்றிய அறிவு முடிந்துவிடுகிறது. சுருட்டப்பள்ளியைத் தொட்டுக்கொண்டு வந்து, நம் ஊரைத் தாண்டி, பெரியபாளையம் பவானியம்மன் கோயில் பக்கமாக ஓடி, பொன்னேரி வழியே பழவேற்காட்டு ஏரியை நோக்கிப் போகிறது ஆறு. இந்தப் பதிவு அந்த ஏரிக்கரையில் நானூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு வியாபாரச் சண்டையைப் பற்றியது. அதே சண்டை, அதே ஆண்டுகளில், ஜப்பானிலும் நடந்தது.

இதை எழுதத் தூண்டியவன் என் பேரன். 'ஷோகன்' என்ற தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு, "தாத்தா, போர்ச்சுக்கல்காரனும் ஹாலந்துக்காரனும் அவங்க ஊரை விட்டுட்டு ஜப்பான்ல போய் எதுக்கு அடிச்சிக்கிறாங்க?" என்று கேட்டான். நான் வரலாற்று ஆசிரியர் இல்லை. கைத்தறி நெசவாளர் கூட்டுறவு சங்கம் ஒன்றில் முப்பத்தோரு ஆண்டு கணக்கு எழுதியவன். ஆனால் துணி எங்கே போகிறது, பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது அந்த வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்தச் சண்டையின் ஒரு முனை நாகசாகியிலும் மறுமுனை நம் பொன்னேரி தாலுகாவிலும் இருப்பது தெரியும்.

முதலில் ஜப்பான் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போர்த்துக்கீசியர் 1543இல் ஜப்பானில் கால் வைத்தார்கள். 1571 முதல் நாகசாகி அவர்களுடைய துறைமுகம். கோவாவில் புறப்படும் பெரிய கப்பல் மலாக்கா, மக்காவ் வழியாக நாகசாகி போகும். சீனாவுக்கும் ஜப்பானுக்கும் நேரடி வியாபாரம் கூடாது என்று சீனப் பேரரசு தடை போட்டிருந்த காலம் அது. சீனப் பட்டை மக்காவில் வாங்கி ஜப்பானில் விற்று, வெள்ளியாக வாரிக்கொண்டு வந்தார்கள். இடையில் நிற்கிறவனுக்குத்தான் லாபம் என்பது நம் கமிஷன் மண்டிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடவே பாதிரிமார்களும் போனார்கள், லட்சக்கணக்கில் ஜப்பானியர் கிறிஸ்தவரானார்கள். ஆள்வோருக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான்.

1600இல் 'லீஃப்தெ' என்ற டச்சுக் கப்பல் அடிபட்டு, சாகக் கிடந்த மாலுமிகளோடு ஜப்பான் கரையில் ஒதுங்கியது. தொடரில் வரும் அந்த ஆங்கிலேயர் பாத்திரத்துக்கு அடிப்படையான வில்லியம் ஆடம்ஸ் இந்தக் கப்பலில் வந்தவர்தான். 1602இல் டச்சுக்காரர்கள் தங்கள் வியாபாரிகளையெல்லாம் ஒன்று சேர்த்து ஒரே கம்பெனியாக்கினார்கள். 1609இல் ஹிராடோ என்ற ஊரில் அவர்களுக்குப் பண்டகசாலை வைக்க அனுமதி கிடைத்தது. எங்களுக்கு வியாபாரம் மட்டும் போதும், மதம் பரப்ப வரவில்லை என்பதுதான் ஷோகனிடம் அவர்கள் காட்டிய பெரிய தகுதி. 1610 ஜனவரியில் நாகசாகித் துறையில் போர்த்துக்கீசியரின் பெரிய கப்பலை ஜப்பானியப் படகுகள் சூழ்ந்து தாக்கின. கப்பல் தலைவர் அந்த்ரே பெஸ்ஸோவா சரணடைய மனமில்லாமல் வெடிமருந்துக்குத் தீ வைத்துத் தன்னையும் கப்பலையும் சேர்த்தே வெடிக்கச் செய்தார்.

அதே 1610ஆம் ஆண்டு ஏப்ரலில் நம் பக்கத்தில் ஒரு காரியம் நடந்தது. விஜயநகரத்தின் வேங்கடபதி ராயர், பழவேற்காட்டில் வியாபாரம் செய்ய டச்சுக்காரர்களுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார்.

ஹம்பி அழிந்தபிறகு விஜயநகர அரசு நம் பக்கம் நகர்ந்து வந்துவிட்டது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நாம் திருப்பதி போனால் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறோமே சந்திரகிரிக் கோட்டை, அதிலும் பிறகு வேலூரிலும் இருந்துதான் வேங்கடபதி ராயர் ஆண்டார். போர்த்துக்கீசியர் அவருக்குப் புதியவர்கள் அல்ல. மயிலாப்பூரில் சாந்தோம் என்று ஊரே அமைத்துக்கொண்டு 1520களிலிருந்து இருந்தவர்கள். பழவேற்காட்டிலும் அவர்கள் டச்சுக்காரருக்கு முன்பே குடியிருந்தார்கள். அங்குள்ள மகிமை மாதா ஆலயம் அவர்கள் காலத்துத் தொடக்கம். இயேசு சபைப் பாதிரிமார்கள் ராயரின் அரண்மனைக்கே போய்வருவார்கள். அப்படியிருக்க, புதிதாக வந்த டச்சுக்காரனுக்கு ஏன் இடம் கொடுத்தார்? ஒரே ஆளிடம் சரக்கு விற்கிறவன் விலை பேச முடியாது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இன்னொருத்தன் வந்தால் போட்டியில் நமக்கு லாபம் என்று எந்த வியாபாரியும் போடும் கணக்கு.

சாந்தோம்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1612 ஜூனில் கடல் வழியாக வந்து பழவேற்காட்டு டச்சுப் பண்டகசாலையை அடித்து நொறுக்கிவிட்டுப் போனார்கள். அடுத்த ஆண்டு வெம்மர் வான் பெர்க்கெம் என்ற டச்சு அதிகாரி வந்தார். பழவேற்காடு அப்போது ராயரின் அரசியருள் ஒருவரின் பொறுப்பில் இருந்த ஊர். அனுமதி பெற்று, செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கோட்டை எழும்பியது. வான் பெர்க்கெம் பிறந்த மாகாணத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதுதான் கெல்ட்ரியா கோட்டை. இந்தியாவில் டச்சுக்காரர் கட்டிய முதல் கோட்டை அது. இது நடந்தபோது சென்னைப்பட்டினம் என்று ஒன்று கிடையாது. ஆங்கிலேயர் 1611இல் 'குளோப்' என்ற கப்பலில் பழவேற்காட்டுக்கு வந்து, இங்கே இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

எதற்கு இவ்வளவு அடிதடி? மிளகா? பழவேற்காட்டில் மிளகு ஏது. ஜாதிக்காயா? அதுவும் இல்லை. துணிக்குத்தான்.

ஜாதிக்காயும் கிராம்பும் விளைந்த மொலுக்காஸ் தீவுக்காரர்கள் ஐரோப்பியரின் கம்பளியைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். அந்த வெயிலுக்குக் கம்பளி என்னத்துக்கு? அவர்கள் கேட்டது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. சாயவேரில் சிவப்பு ஏற்றிய துணி, கட்டம் போட்டது, கோடு போட்டது, பூ எழுதியது. இங்கே துணி வாங்கி அங்கே கொடுத்தால்தான் கிராம்பு கிடைக்கும். ஹென்ட்ரிக் பிரவ்வர் என்ற டச்சு அதிகாரி 1612இல், சோழமண்டலக் கரை மொலுக்காஸ் தீவுகளுக்கு இடது கை மாதிரி என்று எழுதினார். இந்தக் கரைத் துணி இல்லாவிட்டால் அங்கே வியாபாரமே செத்துப்போகும் என்பது அவர் கருத்து. இதே பிரவ்வர் அதே ஆண்டு ஹிராடோவுக்குத் தலைவராகப் போனார். அந்தக் கம்பெனியில் ஜப்பானும் பழவேற்காடும் ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்கள்.

பேரேட்டைக் கொஞ்சம் விரித்துக் காட்டுகிறேன். டச்சுக்காரனிடம் ஊரிலிருந்து கொண்டுவரச் சரக்கு இல்லை, வெள்ளிதான் உண்டு. அதுவும் எப்போதும் பற்றாக்குறை. ஆகவே ஆசியாவிலேயே சுழற்றினான். ஜப்பானில் வெள்ளி எடுத்து, அதைக் கொண்டு இங்கே துணி வாங்கி, துணியைக் கொடுத்துத் தீவுகளில் வாசனைப் பொருள் வாங்கி, ஒரு பங்கு துணியை ஜப்பானுக்கே அனுப்பி, திரும்பவும் வெள்ளி. பிற்பாடு 1668இல் ஜப்பான் வெள்ளியை வெளியே விடத் தடைபோட்டபோது செம்பும் பொன்னும் வந்தன. ஜப்பானின் 'கோபன்' என்ற பொன் நாணயங்கள் இந்தக் கரைக்கு வந்து உருகி வராகனாக மாறின. ஜப்பான் செம்பு நம் கம்மாளர் பட்டறைகளுக்குப் போயிருக்கும். உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய செப்புக் குடத்தில் ஒரு துளி ஜப்பான் இருந்தாலும் ஆச்சரியமில்லை. 'துட்டு' என்கிறோமே, அது டச்சுக்காரனின் செப்புக்காசின் பெயர்தான். (அவன் விட்டுப்போன இன்னொரு சொல் கக்கூசு. மற்றபடி அலமாரி, ஜன்னல், சாவி எல்லாம் போர்த்துக்கீசியன் தந்தது. வாழ்ந்து பார்த்தவன் வீட்டுச் சாமான் பெயர்களை விட்டுப்போனான், வியாபாரி காசின் பெயரை விட்டுப்போனான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சட்டைப் பொத்தானுக்கு ஜப்பானியர் 'பொத்தான்' என்றுதான் சொல்கிறார்கள், அதுவும் போர்த்துக்கீசியம்.)

துணியைக் கொள்முதல் செய்த முறையைப் படித்தபோது எனக்குச் சொந்த அலுவலகத்துக்குள் நுழைந்தது போல் இருந்தது. கம்பெனி நேராக நெசவாளரிடம் போகாது. நடுவில் உள்ளூர்ச் செட்டிமார். பழவேற்காட்டில் மலையா என்று அழைக்கப்பட்ட அஸ்ட்ரப்ப செட்டி, அவருக்குப் பின் தம்பி சின்னண்ண செட்டி ஆகிய இருவரும்தான் பெரும் தரகர்கள். வெறும் தரகர் என்றும் சொல்லிவிட முடியாது. சொந்தக் கப்பல் ஓட்டினார்கள், வரிக் குத்தகை எடுத்தார்கள், நாயக்கர்களுக்கும் டச்சுக்காரருக்கும் இடையே தூது போனார்கள். மாதிரித் துணி கடல் கடந்து வரும். இந்த அகலம், இந்தச் சிவப்பு, இத்தனை கோடு என்று செட்டியார் கிராமத்துக்கு முன்பணத்தோடு அனுப்புவார். நெசவாளர் நூல் வாங்கிப் பாவு போட்டு நெய்து தருவார். கோடு பிசகினால் விலை குறைப்பு. எங்கள் சங்கத்தில் நூலையே கொடுத்துக் கூலி தருவோம், அங்கே காசைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அன்றைய நெசவாளருக்கு ஒரு பலம் இருந்தது. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு ஆளுக்கு நெய்யலாம். தொல்லை தாங்கவில்லையென்றால் குடும்பத்தோடு தறியையும் எடுத்துக்கொண்டு வேறு நாயக்கர் எல்லைக்குப் போய்விடலாம். வாங்க இரண்டு மூன்று வெள்ளைக்காரர்கள் போட்டி போட்ட வரைக்கும்தான் அந்தப் பலம். பிற்காலத்தில் ஆங்கிலேயன் ஒருவனே மிஞ்சியபோது அது போய்விட்டது.

இந்தத் துணிகள் போன ஊர்களில் என்ன பெயர் பெற்றன என்பது தனிச் சுவை. மலேசியா, இந்தோனேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'காயின் பெலேக்காட்' என்று பெயர். 'காயின்' என்றால் துணி. பெலேக்காட் என்பது நம் பழவேற்காடு. அதாவது டச்சுக்காரன் ஊர். ஜப்பானில் மெல்லிய நெடுங்கோடு போட்ட பருத்தித் துணிக்கு 'சாந்தோமே ஜிமா' என்று பெயர். ஜிமா என்றால் கோடு. சாந்தோமே என்பது நம் மயிலாப்பூர் சாந்தோம். இது போர்த்துக்கீசியன் ஊர். சுருக்கம் விழுந்த ஒருவகைத் தோலுக்கும் அங்கே சாந்தோமே என்றே பெயர் இருந்தது. போர்த்துக்கீசியரை ஜப்பானை விட்டே விரட்டியபிறகு இந்தக் கோட்டுத் துணியைக் கொண்டுபோய் விற்றவர்கள் டச்சுக்காரர்கள். எதிரியின் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் விற்க வேண்டியிருந்தது! சந்தையில் ஒரு பெயர் நின்றுவிட்டால் அதை யாராலும் மாற்ற முடியாது. எடோ நகரத்து மக்களுக்கு இந்தத் துணி பிடித்துப்போய், ஜப்பானிய நெசவாளர்களே பார்த்து நெய்யத் தொடங்கினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த அசலை 'தோசான்' என்றார்கள். அந்தச் 'சான்' சாந்தோமின் சுருக்கம். டோக்கியோவுக்கு அருகே ததேயாமா என்ற ஊரில் தோசான் நெசவு இன்னும் நடக்கிறது, அந்த மாகாண அரசு அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்திருக்கிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஒரே கம்பெனி, ஒரே காலம். ஆனால் ஜப்பானில் இருந்த டச்சுக்காரனும் பழவேற்காட்டில் இருந்த டச்சுக்காரனும் ஒரே ஆள் என்று நம்புவது கடினம்.

1637-38இல் ஷிமாபராவில் குடியானவர்கள், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், வரிக்கொடுமை தாங்காமல் கலகம் செய்து ஒரு பழைய கோட்டைக்குள் புகுந்துகொண்டார்கள். ஷோகனின் ஆட்கள் கேட்டதும், டச்சுக்காரர் தங்கள் கப்பலைக் கொண்டுபோய் அந்தக் கிறிஸ்தவர்கள்மீது பீரங்கி சுட்டார்கள். 1639இல் போர்த்துக்கீசியர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அடுத்த ஆண்டு மக்காவிலிருந்து சமாதானம் பேச வந்தவர்களில் 61 பேரின் தலையை வெட்டி, சேதி சொல்ல 13 பேரை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். டச்சுக்காரர் ஜெயித்துவிட்டார்கள் என்று தோன்றும். ஆனால் 1640இல் ஹிராடோவில் அவர்கள் புதிதாகக் கட்டிய கல் பண்டகசாலையைப் பார்க்க வந்த ஷோகனின் அதிகாரி, முகப்பில் கிறிஸ்து பிறந்த கணக்கில் ஆண்டு பொறித்திருக்கிறது, இடித்துத் தள்ளு என்றார். அப்போதைய டச்சுத் தலைவர் பிரான்சுவா காரோன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அப்படியே ஆகட்டும் என்று உடனே ஆட்களை ஏவி இடித்தார். 1641இல் அவர்களை நாகசாகியில் தெஜிமா என்ற செயற்கைத் தீவுக்கு மாற்றினார்கள். அது முதலில் போர்த்துக்கீசியரை அடைத்துவைக்கக் கட்டிய தீவு! தோற்றவனுக்குக் கட்டிய சிறையில் ஜெயித்தவன் வாடகை கொடுத்துக் குடியிருந்தான். நீளம் சுமார் 120 மீட்டர், அகலம் 75 மீட்டர். அனுமதியில்லாமல் பாலத்தைத் தாண்டக்கூடாது. வெளிப்படையாக ஜெபம் கூடாது. ஆண்டுதோறும் எடோவுக்குப் போய் ஷோகன் முன் மண்டியிட வேண்டும். 1690களில் அங்கே வைத்தியராக இருந்த கெம்ப்பர் என்பவர், ஷோகன் முன்னிலையில் தங்களை ஆடு, பாடு என்று வேடிக்கை பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். இருநூறு ஆண்டுக்கு மேல் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள். லாபம் வந்ததே.

இங்கே? கோட்டை, கொத்தளம், பீரங்கி. சொந்த நாணயச் சாலை. கிழக்கே உள்ள டச்சுக் கப்பல்களுக்கெல்லாம் வெடிமருந்து அனுப்பும் ஆலை. துணியோடு மனிதர்களையும் ஏற்றுமதி செய்தார்கள். பஞ்சம் வந்த ஆண்டுகளில் வயிற்றுக்கில்லாமல் தன்னையும் பிள்ளைகளையும் விற்றவர்களை வாங்கி பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாக அனுப்பினார்கள். 1622-23இல் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து போனவர்கள் 1,900 பேர் அளவில் என்று கம்பெனிக் கணக்கே சொல்கிறது. என்னைப்போல் யாரோ ஒரு கணக்கர்தான் அதையும் எழுதியிருப்பார், துணிக் கட்டுக்கு அடுத்த வரியில். போர்த்துக்கீசியர் ஒன்றும் யோக்கியர் அல்ல. அவர்களும் இந்தக் கரையிலிருந்து ஆட்களை விற்றவர்கள்தான். ஜப்பானிலும் வாங்கினார்கள். ஆனால் அங்கே 1587இலேயே ஹிதெயோஷி என்ற ஆட்சியாளர், எங்கள் மக்களை ஏன் வாங்கிக்கொண்டு போகிறீர்கள் என்று பாதிரிமார்களைக் கூப்பிட்டுக் கேட்டார். இங்கே கேட்க ஆளில்லை.

ஏன் ஆளில்லை என்பதற்கு 1614ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். அந்த அக்டோபரில் வேங்கடபதி ராயர் இறந்தார். வாரிசுச் சண்டை. ஜக்கராயன் என்பவன் புதிய அரசரையும் குடும்பத்தையும் வேலூர்க் கோட்டையிலேயே அடைத்துக் கொன்றான். ஒரு பையனை மட்டும் வண்ணார் ஒருவர் அழுக்குத்துணி மூட்டையில் வைத்து வெளியே கடத்தியதாகச் சொல்வார்கள். அவனுக்காக நின்ற யாச்சம நாயக்கர், நமக்குப் பக்கத்து வெங்கடகிரி ஜமீன் வம்சத்தின் முன்னோர். கல்லணைக்கருகே தோப்பூரில் தென்னாட்டு நாயக்கர்கள் எல்லோரும் இரண்டு கட்சியாக மோதினார்கள். ஜப்பானில் நேர் எதிர். 1600இல் செகிகஹாரா போரில் ஒரே கை ஓங்கி, 1615இல் ஒசாகாவோடு எதிர்ப்பு அடங்கியது. அங்கே ஒரு பெரிய வீட்டுக்காரன் உருவான அதே இரண்டு மூன்று ஆண்டுகளில் இங்கே வீடு இடிந்து விழுந்தது. டச்சுக்காரனின் குணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வீட்டுக்காரன் நிமிர்ந்து நின்ற இடத்தில் குனிந்தான், இல்லாத இடத்தில் வீட்டைக் கைப்பற்றினான். 'டச்சுக்காரர் நாகரிகமான வியாபாரிகள், வெள்ளைக்காரன்தான் நாட்டைப் பிடித்தவன்' என்று நம்மில் சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அப்படிச் சொல்பவர்கள் தெஜிமாவையும் கெல்ட்ரியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஷோகன் ஆட்சியில் எல்லாம் நல்லதென்று நான் சொல்ல வரவில்லை. ஷிமாபராக் கோட்டைக்குள் இருந்தவர்களை, பெண்கள் குழந்தைகள் உட்பட, அழித்தார்கள். வலுவான வீட்டுக்காரன் என்றால் உள்ளே இருப்பவர்களுக்கு நிம்மதி என்று அர்த்தமில்லை.

மீதிக் கதை வேகமாக முடிகிறது. 1621இல் ஆங்கிலேயர் ஒப்பந்தப்படி பழவேற்காட்டில் டச்சுக்காரரோடு ஒட்டுக்குடித்தனம் வந்து, தாங்க முடியாமல் 1623இல் போனார்கள். அதே 1623இல் ஹிராடோவிலிருந்தும் கடையைக் கட்டினார்கள். இரண்டு இடத்திலும் தோற்ற அந்த மூன்றாமவன் 1639இல், போர்த்துக்கீசியர் ஜப்பானிலிருந்து விரட்டப்பட்ட அதே ஆண்டில், தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் ஒரு மணல்மேட்டை வாங்கினான். அதுதான் சென்னை. டச்சுக்காரர் 1641இல் மலாக்காவையும் 1658இல் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். சாந்தோமை 1662இல் கோல்கொண்டா சுல்தானின் படை எடுத்துக்கொண்டது, டச்சுக்காரர் உதவியோடு. பத்தாண்டு கழித்து, 1672இல், ஒரு பிரெஞ்சுக் கடற்படை வந்து சாந்தோமைப் பிடித்தது. அந்தப் படையோடு வந்த பெரிய அதிகாரி யார் தெரியுமா? ஹிராடோவில் பண்டகசாலையை மறுபேச்சில்லாமல் இடித்தாரே, அதே பிரான்சுவா காரோன். சமையலறை எடுபிடியாக ஜப்பான் போய், அந்த மொழி கற்று, ஜப்பானியப் பெண்ணை மணந்து, தலைவராகி, பின் கம்பெனியோடு மனத்தாங்கலாகிப் பிரெஞ்சுக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தார். எழுபது வயதைக் கடந்தவர். அடுத்த ஆண்டு ஊர் திரும்பும் வழியில் லிஸ்பனுக்கு அருகே கப்பல் மூழ்கி இறந்தார். 1674இல் டச்சுக்காரரும் கோல்கொண்டாவும் சேர்ந்து பிரெஞ்சுக்காரரையும் சாந்தோமிலிருந்து கிளப்பினார்கள்.

பழவேற்காட்டுக்கும் அதிக நாள் இல்லை. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. பக்கத்தில் சென்னை வளர வளர வியாபாரம் அங்கே போனது. ஆங்கிலேயர் இரண்டு முறை பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள், நடுவில் கோட்டையையும் இடித்தார்கள். கடைசியாக 1825இல் ஊர் அவர்கள் கைக்கே வந்தது.

நாகசாகியில் தெஜிமாவைப் பழைய படங்களைப் பார்த்து, வீடு வீடாகத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். 2017இல் பழைய பாலம் இருந்த இடத்தில் புதுப் பாலமும் போட்டுவிட்டார்கள். பழவேற்காட்டில் கோட்டை இருந்த இடம் மேடும் பள்ளமுமாகச் சீமைக் கருவேலத்துக்குள் கிடக்கிறது. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பொறுப்பில் நன்றாக இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருப்பார்கள், குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போக நினைப்பவர்கள் பொன்னேரி போய் அங்கிருந்து பழவேற்காடு பேருந்து பிடிக்கலாம். நம் ஊரிலிருந்து எல்லாம் சேர்த்து ஐம்பது அறுபது கிலோமீட்டர் இருக்கும். கல்லறைத் தோட்டத்தில் நிழல் குறைவு, காலையிலேயே பார்த்துவிட்டு ஏரிக்குப் போங்கள். குளிர்காலமென்றால் பூநாரைகள் இருக்கும்.